ராட்டினம் தெரிகிற அறை

என் தங்கையின் மகள் போன விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போய் வந்தாள். தண்ணீரோடு சறுக்கி விழுகிற விளையாட்டு, ராட்டினம், குட்டி ரயில் எல்லாம் ஹோட்டல் மதிலுக்குள்ளேயே இருக்கிறதாம். செலவைக் குறைக்கச் செய்த தந்திரங்களைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தி என்பதால் பிள்ளைகளை மேசையை விட்டு எழும்பவே விடவில்லையாம். பகலுக்குப் பாணும் வாழைப்பழமும் உடுப்புப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனாளாம். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"இதென்னடி பெரிய விஷயம்? நாங்க அந்தக் காலத்துலயே பதுளையில ஹோட்டல் ரூம்ல தங்கி ராட்டினம் சுத்துனவங்க. வேணும்னா ஒங்க பெரியம்மாகிட்ட கேளு."

என்னிடம் கேட்டால் நான் அவ்வளவாகப் பேசமாட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதுவது கொஞ்சம் சுலபம், யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடமும் அதற்கு மேலே சொற்பமும் படித்த நம் வயதுக்காரர்கள் இதை வாசித்தால், பாதி விஷயத்தை நான் விளக்கவே தேவையில்லை.

தங்கை சொன்னது உண்மைதான். பதுளையில் கார்னிவல் நடந்த நாட்களில் நாங்கள் ஹோட்டல் அறையில் தங்கினோம், ராட்டினமும் சுற்றினோம். ஆனால் நாங்கள் போனது அதற்காக அல்ல. தங்கையை அத்தைக்குக் கொடுத்துவிட்டு வருவதற்காகப் போனோம். பிற்காலத்தில் இது அவளுக்கும் சொல்லப்பட்டது. தெரிந்துகொண்ட பிறகும் அவள் அதை உல்லாசப் பயணம் என்றுதான் சொல்கிறாள்.

சாமான் தட்டுப்பாட்டுக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாவுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, வரிசையில் நின்றும் வெறுங்கை. தேத்தண்ணீரை உள்ளங்கையில் வைத்த கருப்பட்டித் துண்டை நக்கிக்கொண்டு குடித்த காலம். அதுவும் இல்லாவிட்டால் வெறும் சாயம். தங்கை பிறந்தது அப்போதுதான். அம்மாவுக்குப் பால் வரவில்லை. பிள்ளையின் கை வேப்பங்குச்சி போல இருக்கும்.

அத்தை அப்பாவுக்கு இளையவள். மொனராகலைப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவள். மாமா அங்கே சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார், கடைக்குப் பின்னால் காட்டை வெட்டி எரித்துக் கொஞ்சம் சேனைப் பயிரும் செய்தார். அந்தப் பஞ்சத்தில் மாமா குரக்கன் என்கிற கேழ்வரகையும் சோளத்தையும் சாக்கில் கட்டி, பஸ் மாறி மாறி ஹாலிஎலவில் இறங்கி, தோட்டத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார். குரக்கன் கஞ்சியில்தான் தங்கை தேறினாள். அவள் முதன்முதலாகக் குப்புற விழுந்து தலையைத் தூக்கிய அன்று மாமா எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டில் இருந்தார். அப்பா பிள்ளையைத் தூக்கி மாமாவின் மடியில் வைத்தார்.

"இது ஒங்க குரக்கன்ல பொழச்ச புள்ள மாப்பிள்ள. இனி இது ஒங்க புள்ளதான். கொஞ்சம் வளரட்டும், கூட்டிக்கிட்டுப் போங்க."

அத்தைக்குப் பிள்ளை இல்லை. பசித்தவன் வாயிலிருந்து வந்த வாக்கு அது. மாமா மடியில் இருந்த பிள்ளையின் தலையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு காலம் மாறியது. கடைகளில் சீனி வந்தது, வெள்ளை மா வந்தது, பூப்போட்ட சீத்தைத் துணி வந்தது. தங்கைக்கு நாலு வயது நடந்தது. மாமா வந்தார். வாக்கை ஞாபகப்படுத்தவில்லை, ஆனால் அத்தை பிள்ளைக்கு ஒரு சின்னக் கட்டில் செய்வித்திருப்பதாகச் சொன்னார்.

அன்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் பேசியதை நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். லயத்துக் காம்பராவில் எதைத்தான் மறைக்க முடியும்?

"சீனி வந்திருச்சு, மா வந்திருச்சு. இப்ப எதுக்குங்க குடுக்கணும்?"

"மா வந்தா வாக்கு போயிருமா?" என்றார் அப்பா.

அம்மா அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். பிறகு, "அழுதுக்கிட்டுப் போற புள்ளைய நான் அனுப்ப மாட்டேன். சிரிச்சுக்கிட்டுப் போனா போகட்டும்" என்றாள்.

பிள்ளை சிரித்துக்கொண்டு போவதற்கு அத்தை கண்டுபிடித்த வழிதான் கார்னிவல். எல்லோரும் பதுளையில் ஓர் அறையில் சேர்ந்து தங்குவது. பிள்ளை அத்தையோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் காலை அப்பாவும் அம்மாவும் தம்பியும் தோட்டத்துக்குத் திரும்புவார்கள். சாயங்கால பஸ்ஸில் தங்கை மொனராகலைக்குப் போவாள். பயப்படாமல் இருக்க நான் மட்டும் அவளோடு போய்ச் சில நாள் இருந்துவிட்டு வரவேண்டும். தம்பிக்கு ஏழு வயது, அவனுக்கு இது தெரியாது. தங்கைக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது பெரியவர்களுக்குத் தெரியாது, கடைசி நாள்தான் என்னிடம் சொன்னார்கள்.

அம்மா விடியுமுன்பே எழுந்து ரொட்டி சுட்டாள். மிளகாயும் வெங்காயமும் சேர்த்துக் கட்டுச்சம்பல் இடித்துப் பழைய பால்மா டின்னில் அமுக்கி அடைத்தாள். தகரப்பெட்டியில் உடுப்பு, அதன் மேல் இரண்டு கம்பளி. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா லீவு சொல்லியிருந்தார். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு அந்த நாட்களுக்கு வேலைக் கணக்கில் பேர் விழாது, சம்பளமும் இல்லை. ஹாலிஎல வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்தோம்.

ஹோட்டல் கடைவீதிக்குப் பின்பக்கம் இருந்தது. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே நாலைந்து அறைகள். கடைக்காரர் முஸ்லிம், வயதானவர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள். மாமா தன் கடைக்குச் சாமான் வாங்கப் பதுளைக்கு வந்தால் அங்கேதான் தங்குவார். கார்னிவல் மைதானத்தைப் பார்த்த அறை ஒன்று மேலே இருந்தது. அந்த நாட்களில் மைக் சத்தத்தில் அங்கே எந்த வியாபாரியும் தூங்க முடியாது, அதனால் அறை சும்மா கிடந்தது. மாமா அதைத்தான் மலிவாகக் கேட்டு எடுத்திருந்தார்.

"சத்தம் காதைக் கிழிக்குமே" என்றார் நானா.

"புள்ளைங்களுக்கு அந்தச் சத்தம்தானே நானா வேணும்" என்றார் மாமா.

ஏழு பேர் ஓர் அறைக்கு அதிகம் என்று அப்பாவுக்குக் கூச்சம். நாங்கள் கூட்டமாக ஏறினால் நானா பார்த்துவிடுவார் என்று முதலில் மாமாவும் அத்தையும், பிறகு அம்மாவும் தங்கையும், பிறகு நானும் தம்பியும் என்று இரண்டிரண்டு பேராக அனுப்பினார். கடைசியில் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் மட்டும் வந்தார். நானா கல்லாவில் இருந்தபடியே, "இன்னும் யாரும் பின்னுக்கு வாராங்களா, இல்ல கதவைச் சாத்தவா?" என்று கேட்டார். அப்பாவின் காது சிவந்துபோனதைப் படியில் நின்று பார்த்தேன்.

அந்த அறையை இன்றைக்கும் என்னால் தடவித் தடவி நடந்து காட்ட முடியும். சுவரெல்லாம் பச்சைச் சுண்ணாம்பு, இரண்டு இரும்புக் கட்டில், கூரையில் காற்றாடி. தோட்டத்துக் குளிரில் பிறந்த எங்களுக்குக் காற்றுக்கு ஒரு யந்திரம் வைப்பார்கள் என்பதே புதினம். தம்பி அதன் கீழே வாயைத் திறந்துகொண்டு படுத்தான், காற்றைக் குடிக்கிறானாம். கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதுவரை நாங்கள் எங்கள் முகத்தை முகத்தளவு கண்ணாடியில்தான் பார்த்திருந்தோம். என் கால்கள் இவ்வளவு நீளமா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கப்பட்டு அதன் பக்கமே போகாமல் இருந்தேன்.

எல்லாவற்றையும்விடக் குளியலறை. திருகினால் தலைக்கு மேலிருந்து மழை போல் கொட்டுகிற குழாய் இருந்தது. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் வரிசையில் நின்று குளித்த பிள்ளைகள் நாங்கள். தங்கை அன்று எத்தனை தடவை குளித்தாள் என்று சொல்ல முடியாது. உடம்பு துடைத்ததும் மறுபடியும் உள்ளே ஓடுவாள். "கார்னிவலுக்குப் போக வேணாமா?" என்று அத்தை கேட்டால், "இதுதானே கார்னிவல்" என்பாள்.

அம்மா செய்த முதல் வேலை, இரண்டு கட்டிலிலும் விரித்திருந்த வெள்ளைச் சீட்டை உருவி, நாலாக மடித்து, நாற்காலியில் வைத்ததுதான்.

"என்ன அண்ணி செய்றீங்க?" என்றாள் அத்தை.

"அழுக்காயிரும். நாம கம்பளிய விரிச்சுக் கீழ படுத்துக்குவோம்."

"சீட்டுக்கும் சேத்துத்தான் வாடகை."

"இருக்கட்டும். தொவைக்கிறவளும் ஒரு பொம்பளதானே."

அத்தை மடிப்பைப் பிரித்து மறுபடி விரித்தாள். அம்மா மறுபடி மடித்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு கட்டில் சீட்டோடும் ஒரு கட்டில் சீட்டில்லாமலும் இருந்தது. சீட்டு விரித்த கட்டிலில் அத்தை தங்கையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா கட்டிலுக்கே வரவில்லை. என்னோடு தரையில் கம்பளியில் படுத்தாள். ஆண்கள் வெளியே விறாந்தையில் படுத்தார்கள்.

அறைக்கு முன்னால் சின்னதாக ஒரு பல்கனி இருந்தது. அங்கிருந்து கார்னிவல் முழுவதும் தெரியும். பொழுது சாய்ந்ததும் சிவப்பும் மஞ்சளுமாக லைட் எரியும். மண்ணெண்ணெய்ப் புகை, கடலை வறுக்கும் வாசம், மைக்கில் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கூப்பிடும் குரல், எல்லாம் மேலே ஏறி வரும். மாமாவின் கணக்கு அதுதான். டிக்கட் எடுத்து உள்ளே போவது ஒரு நாள், அதுவும் ஆளுக்கு ஒரு விளையாட்டு. மற்ற நேரமெல்லாம் பல்கனியில் இருந்து பார்க்க வேண்டும். மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். கிணற்றின் பலகை விளிம்புக்கு அவன் தலை மட்டும் ஒரு கணம் வரும், மறையும், அந்தப் பக்கம் வரும், மறையும். அந்த மனுசனுக்கு உடம்பே இல்லை என்று தம்பி தோட்டத்தில் பலநாள் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ரொட்டியைப் பல்கனியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று கீழே பலகையில் எழுதியிருந்தது. அதனால் அப்பா கீழே போய் பால் போடாத பிளேன்டி ஆளுக்கொன்று மட்டும் வாங்கி வந்தார். மறுநாள் பகல் நானாவே ஒரு கோப்பையில் பருப்புக் கறியோடு மேலே வந்துவிட்டார். நாங்கள் ரொட்டியைக் கம்பளிக்கு அடியில் தள்ளினோம்.

"ஏன் ஒளிக்கிறீங்க? சம்பல் வாசம் நேத்தே கீழ வந்திட்டுது" என்றார் நானா. "இந்தக் கோப்பைக்குள்ள கொஞ்சம் சம்பலப் போடுங்க தங்கச்சி. ஒங்க தோட்டத்துக் கைக்கு என்ட சமையல்காரன் வரமாட்டான்."

அம்மா அந்தப் பயணத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கார்னிவலுக்குள் நாங்கள் போனது அன்று மாலைதான். நான் குதிரை ராட்டினத்தில் ஏறினேன். தம்பி வளையம் எறிந்து சவர்க்காரம் ஒன்று ஜெயித்தான், அதை யாருக்கும் தேய்க்கக் கொடுக்காமல் முகர்ந்துகொண்டே இருந்தான். தங்கைக்குப் பெரிய ராட்டினம்தான் வேண்டுமாம். மடியில் வைத்துக்கொண்டால் சின்னப் பிள்ளைக்கு டிக்கட் இல்லை. யார் மடி என்று கேள்வி வந்தது. அம்மா அத்தையைப் பார்த்து, "நீங்க போங்க" என்றாள்.

அத்தைக்கு உயரம் என்றால் நடுக்கம், கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். இருந்தும் ஏறினாள். ராட்டினம் மேலே போனபோது அத்தையின் அலறல் மைக் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கீழே வரும்போதெல்லாம் தெரிந்த காட்சி இதுதான்: அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இருக்கிறாள், தங்கை தன் சின்னக் கையால் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி ஏதோ சொல்கிறாள். இறங்கியதும் கேட்டேன். "பயப்படாதீங்க அத்தை, நான் புடிச்சிருக்கேன்" என்று சொன்னாளாம்.

அத்தை அவளைத் தரையில் விடவே இல்லை. ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்து, அது உருகி இடுப்புச் சேலையெல்லாம் ரோஸ் நிறமாக வழிந்தபோதும் தூக்கிக்கொண்டே நடந்தாள். தங்கையும் அத்தையின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எங்களுக்குப் பின்னால் நடந்து வந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"புள்ள ஒட்டிக்கிச்சு மச்சான்" என்று மாமா மெதுவாக அப்பாவிடம் சொன்னார். அப்பா "ம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை அம்மா தங்கைக்குத் தலை சீவி, அத்தை வாங்கிய புதுக் கவுனைப் போட்டுவிட்டாள். என்னைக் குளியலறைப் பக்கம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொண்டேன். அப்பா பெட்டியைத் தூக்கினார். அம்மா வாசலில் நின்று தங்கையைப் பார்த்தாள்.

"அம்மா போய்ட்டு வரட்டுமா?"

"சரி" என்றாள் தங்கை. அவள் கட்டிலுக்கு அடியில் தம்பி விட்டுப்போன ஒரு சோடா மூடியை எடுப்பதில் இருந்தாள்.

"அழ மாட்டியே?"

"மாட்டேன். போய்ட்டு வாங்க."

அம்மா இன்னும் கொஞ்சம் நின்றாள். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா படியிறங்கிப் போனாள். அத்தை சுவரில் சாய்ந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டாள். தங்கை தன்னை ஏற்றுக்கொண்டாள் என்றுதான் அவள் நினைத்தாள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். நானும்தான்.

பகலில் கார்னிவல் தூங்கிக்கொண்டிருந்தது. ராட்டினம் அசையாமல் நின்றது. மரணக்கிணற்றுக்காரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளித் தண்ணீரில் மோட்டார் சைக்கிளைக் கழுவினான், அவனுக்கு உடம்பு இருந்தது. மாமா கடைவீதிக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். அத்தை தங்கைக்குச் சோறு ஊட்டினாள், அவள் வாங்கிக்கொண்டாள். தூங்கச் சொன்னாள், தூங்கினாள். அத்தை பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். மூச்சுக்கூடச் சத்தம் வராமல் விட்டாள்.

வெயில் மஞ்சளானபோது தங்கை எழுந்தாள். என்னிடம் வந்து, புதுக் கவுனைக் கழற்றச் சொல்லித் தன் பழைய கவுனைக் கேட்டாள். போட்டுவிட்டேன். தன் துவாயைத் தானே சுருட்டினாள், அதற்குள் தன் அலுமினியக் கோப்பையைச் செருகினாள். சுருளைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே போய்ப் படியின் மேல்தட்டில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

அத்தைக்குப் பூரிப்பு. "என்னடி தங்கம், அதுக்குள்ள பொறப்பட்டுட்ட? மொனராகல பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"அம்மா கொழுந்து நிறுத்துட்டு வரும்" என்றாள் தங்கை. படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை என்னைப் பார்த்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்குப் போகுமுன் தாய்மார் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் விடுவது, மாலையில் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு வந்து தூக்குவது. தங்கை கைக்குழந்தையிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படி விடப்பட்டவள். கொஞ்ச நேரம் முன்பே பிள்ளைகளின் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, சாமானை மடியில் கொடுத்து வாசலில் வரிசையாக உட்காரவைப்பார்கள். அத்தை கலியாணம் முடித்துத் தோட்டத்தை விட்டுப் போனவள், பிள்ளையை விட்டு எடுத்த அனுபவம் அவளுக்கு இல்லை. ஆனால் தினமும் விட்டுப்போனவள் அம்மாதான். அவளுக்கே அன்று இது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

நான் அத்தையிடம் இதைச் சொன்னேன். எனக்குத் திக்கித் திக்கித்தான் வந்தது.

"அதனாலதான் காலையில அழலையா?" என்றாள் அத்தை.

"புள்ளக்காம்பராவுல யாரும் அழ மாட்டாங்க அத்தை. சாயங்காலம் வந்துருவாங்கல்ல."

அத்தை அறைக்குள் போனாள். குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். தங்கை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"அத்தை, ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போக யாரு வருவா?"

"மாமா வருவாரு."

"வந்துருவாரு. பயப்படாதீங்க" என்றாள் தங்கை.

மாமா வந்தார், தோளில் சாமான் சாக்கோடு. படியின் கீழே நின்று மேலே பார்த்தார். அத்தை எழும்பவில்லை.

"என்னங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்க. அண்ணன் போயிருந்தா தோட்டத்துக்கே போங்க. அண்ணியக் கூட்டிக்கிட்டு வாங்க."

"ஏன்? புள்ள அழுதாளா?"

"அழலைங்க. அதான்."

மாமா சாக்கை இறக்கி வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

தோட்டம் வரை அவர் போகவேண்டி இருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டை விட்டு நகரவே இல்லையாம். தம்பி பிறகு சொன்னான். பஸ் வரும்போதெல்லாம் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்புவாராம், அம்மா எழும்பமாட்டாளாம். அப்பா மறுபடி உட்காருவாராம். "எம்புள்ள திரும்பிக்கூடப் பாக்கல" என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுதாளாம். கடைசியில் அப்பா பெட்டியைத் தூக்குவதையும் விட்டுவிட்டாராம். வாக்குக் கொடுத்தவர், அதனால் திரும்பி வரவும் அவரால் முடியவில்லை.

அவர்கள் தெருமுனையில் வருவதைக் கண்டதும் அத்தை என் காதோடு கேட்டாள். "சாயங்காலம் புள்ளையத் தூக்கிக் குடுக்கயில ஆயா என்னடி சொல்லுவாங்க?"

சொன்னேன்.

அத்தை கீழே இறங்கிப் போனாள். நான் பாதிப் படியில் நின்றேன். வாசலில் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். அத்தை பிடிக்க விடவில்லை. தன் சேலைத் தலைப்பால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள், கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அழுத மூஞ்சோட மேல வராதீங்க அண்ணி. வேலையிலேருந்து வர்ற மாதிரி வாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்."

அப்பா வாசலுக்கு வெளியிலேயே பெட்டியோடு நின்றுவிட்டார். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "என் வாக்கு..." என்று ஆரம்பித்தார்.

"வாக்கு எங்கிட்டதானே குடுத்தீங்க மச்சான்" என்றார் மாமா. "திருப்பிக் குடுத்துட்டேன். பெட்டிய எறக்கி வைங்க, கை வலிக்கப் போகுது."

நானா கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிளேன்டி ஊற்றச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

அத்தை முதலில் மேலே ஏறி வந்தாள். தங்கையைத் துவாய்ச் சுருளோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, படியின் மேல்தட்டில், கதவை ஒட்டி நேராக நின்றாள். பிறகு அம்மா ஏறி வந்தாள். ஒவ்வொரு படியாக, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வருகிற களைப்போடுதான் வந்தாள். அது நடிப்பாக இருந்திருக்க முடியாது.

தங்கை கையை நீட்டினாள். அத்தை அவளை அம்மாவிடம் கொடுத்தாள்.

"புள்ள நல்லா சாப்பிட்டுச்சு" என்றாள் அத்தை. "மத்தியானம் தூங்குச்சு. அழவே இல்ல."

அம்மா தலையை ஆட்டினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி, கீழே இறங்கத் தொடங்கினாள். தங்கை அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்து, தினமும் மாலையில் ஆயாவுக்குச் சொல்கிற மாதிரி கையை ஆட்டினாள்.

"நாளைக்கு வாறேன் அத்தை."

"வாடி" என்றாள் அத்தை. "நேரத்தோட வா."